காவல் விளக்கு

யுரீக்கா
ஆகஸ்ட் 14, 1986

வெண்டல்,

என்னை அக்கா வீட்டுப் படியில் இறக்கிவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினாயே, அதை லொரேன் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "உங்களுக்குள்ள என்னடி சண்டை?" என்று கேட்டாள். "சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல, இருட்டறதுக்குள்ள அவன் மலையேறணும்" என்றேன். உன் இருக்கைக்கு அடியில் துப்பாக்கியைப் பார்த்துவிட்டேன், அதுதான் சண்டை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

டாக்டர் சொல்லச் சொல்ல நீ பாதியிலேயே எழுந்து போய்விட்டாய். மீதியை நான் சொல்கிறேன். பிள்ளை பிறக்கும் வரை, அதாவது அக்டோபர் நடுவிலோ கடைசியிலோ, நான் இடதுபக்கமாகப் படுத்தே கிடக்கவேண்டும். சாப்பிட எழுந்திருக்கலாம், குளிக்க எழுந்திருக்கலாம். நம் மலைப்பாதையில் ஒரு தடவை குலுங்கினாலும் போச்சு. ஏற்கனவே இரண்டைப் பறிகொடுத்தவள் நான். இதைப் பறிகொடுக்க மாட்டேன்.

அதனால் இந்த வருஷம் என் கஞ்சாச் செடிகள் உன் பொறுப்பு. உனக்குச் சுத்தியலும் ரம்பமும்தான் தெரியும், செடி தெரியாது என்பது எனக்குத் தெரியும். முதல் வேலை, ஆண்களைப் பிடுங்குவது. தினமும் ஒவ்வொரு செடியாகப் போய், கிளை பிரிகிற கணுவில் பார். வெள்ளை மயிர் இரண்டு நீட்டிக்கொண்டிருந்தால் பெண். சின்ன உருண்டை தொங்கினால் ஆண்; யோசிக்காமல் பிடுங்கி எரித்துவிடு. ஒரே ஒரு ஆண் பூத்தால் போதும், மகரந்தம் பறந்து எல்லாப் பூவிலும் விதை வைத்துவிடும். விதை விழுந்த பூவை எவன் வாங்குவான்? தண்ணீரைக் காலையில் விடு, அவசரப்படாமல் விடு. கிளைகள் பாரம் தாங்காமல் பிளக்கும், என் பழைய காலுறைகளால் கம்பில் கட்டு.

போன அக்டோபரில் ஒரு காலையில் போய்ப் பார்த்தபோது வெறும் கட்டைகள் நின்றனவே, அதை நானும் மறக்கவில்லை. யார் வெட்டிக்கொண்டு போனார்கள் என்று இன்றுவரை தெரியாது. நீ மனசுக்குள் நம் கீழ்த் தோட்டத்து ஆர்லோவை வைத்து அரைத்துக்கொண்டிருக்கிறாய், அது மட்டும் தெரியும். எல்லாச் செடியும் போனாலும் போகட்டும், வெண்டல். என் பிள்ளை பிறக்கிறபோது அதன் அப்பன் சிறையிலும் இருக்கக்கூடாது, குழியிலும் இருக்கக்கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கடையில் இருக்கிற தொலைபேசியில் எதையும் பேசாதே. எழுது. படித்ததும் அடுப்பில் போடு.

மார்லிஸ்


மலைமேல்
ஆகஸ்ட் 23

மார்லிஸ்,

மகாராணியின் கட்டளைகள் வந்து சேர்ந்தன. ஆண்களைப் பிடுங்கியாயிற்று. முதல் நாள் எது ஆண் எது பெண் என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போனது. ஒன்றை ஆண் என்று நினைத்துக் கழுத்தைப் பிடித்துவிட்டேன், அப்புறம் கணுவில் வெள்ளை மயிர் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு விட்டுவிட்டேன். உன் பெண்பிள்ளைகள் இப்போது என்னைவிட உயரம். மேல் வரிசையில், கருவாலி மரத்துப் பக்கம் நிற்பதெல்லாம் நான் கையைத் தூக்கினாலும் எட்டாது. காலுறை போதவில்லை, என் பனியன்களையும் கிழித்துக் கட்டியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை போலீஸ் ஹெலிகாப்டர் வந்தது. கிழக்கு முகட்டில் யாருடையதையோ வலையில் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் மட்ரோன் மரத்தடியில் குப்புறப் படுத்துக் கிடந்தேன். நம் மேல் வரவில்லை.

துப்பாக்கியைப் பற்றி எழுதியிருந்தாய். அது வீட்டில் இருக்கிறது. தோட்டத்தில் இல்லை. போதுமா?

உன் கடிதத்தை ஆர்லோதான் கொண்டுவந்தான். கீழே தபால் பெட்டிக்கு யார் போனாலும் எல்லாருடைய தபாலையும் எடுத்துவருவதுதானே வழக்கம், அதை நான் குறை சொல்லவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று ஒழுங்காக மூன்று தடவை ஹாரன் அடித்தான். நான் போய் வாங்கினேன். உள்ளே கூப்பிடவில்லை. அவன் வண்டியை விட்டு இறங்காமலே கேட்கிறான்: "என்ன வெண்டலு, இந்த வருஷம் எல்லாம் எப்படி வளருது?"

இந்த மலையில் எவனாவது இன்னொருத்தன் தோட்டத்தைப் பற்றிக் கேட்பானா? எத்தனை செடி, எங்கே, எப்படி என்று யாரும் யாரையும் கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை. போன வருஷம் நம்முடையது போனதையே நாம் ஒருத்தரிடமும் மூச்சுவிடவில்லை. அப்படியிருக்க, அவன் கேட்கிறான். "எல்லாம் ஆண்டவன் விட்ட வழி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து கட்டிலைத் தோட்டத்துக்கே கொண்டுபோய், கருவாலியின் கீழே போட்டுப் படுத்திருக்கிறேன். பீன்ஸ் டப்பாவைப் பார்த்தாலே குமட்டுகிறது. நீ இல்லாத வீட்டில் சமைக்கத் தோன்றவில்லை.

உள்ளே இருப்பது உதைக்கிறதா?

வெண்டல்


யுரீக்கா
செப்டம்பர் 2

வெண்டல்,

உதைக்கிறது. அதுவும் நான் தூங்கலாம் என்று கண்ணை மூடுகிற நேரம் பார்த்து. உன் பிள்ளைதான், சந்தேகமில்லை.

துறைமுகத்தில் மூடுபனிச் சங்கு நாள் முழுக்க ஊதிக்கொண்டிருக்கிறது. லொரேன் ஒரு நாளைக்கு நாலு தடவை விரிப்பை மாற்றுகிறாள். தாதி வந்து ரத்த அழுத்தம் பார்க்கும்போது, "வீட்டுக்காரர் என்ன விவசாயம் பண்றார்?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் லொரேன், "தக்காளி" என்றாள். "எந்த வகை?" என்றாள் அந்தப் பெண். லொரேன் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும் நீ.

ஆர்லோ விஷயத்துக்கு வருகிறேன். "எல்லாம் எப்படி வளருது" என்று அவன் கேட்டது என் வயிற்றைப் பற்றி, மடையா. ஜூனில் எனக்குத் தலை சுற்றி விழுந்தபோது என்னைத் தூக்கிக் கட்டிலில் போட்டது அவன்தான். நம் கூரையின் உத்தரத்தை உன்னோடு சேர்ந்து தூக்கி நிறுத்தியவன் அவன். எனக்கு முதல் விதையைத் தீப்பெட்டியில் வைத்துக் கொடுத்தவனும் அவன். அவனைப் பற்றி எழுதாதே, செடிகளைப் பற்றி எழுது. பூ வந்துவிட்டதா? நுனிகளில் வெள்ளை மயிர் கொத்துக் கொத்தாக வரவேண்டும் இந்நேரம். எந்த வரிசையில் முந்தி வந்திருக்கிறது? இலை என்ன நிறம்?

தோட்டத்தில் படுப்பது சரி. ஆனால் தூங்கு. நீ தூக்கமில்லாமல் இருந்தால் என்ன ஆவாய் என்று எனக்குத் தெரியும். கூரை போட்ட வாரத்தில் வாளியை எட்டி உதைத்துக் கால் விரலை உடைத்துக்கொண்டவன் நீ.

அன்புடன், கொஞ்சம் கோபத்துடனும்,
மார்லிஸ்


மலைமேல்
செப்டம்பர் 13

மார்லிஸ்,

செடிகளைப் பற்றித்தானே கேட்டாய்? கீழ் வரிசை, ஓடைப் பள்ளத்தில் இருக்கிறதே, அது உனக்குப் பெருமை சேர்க்கிறது. நுனியெல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கிறது, கை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. மேல் வரிசைதான் சோம்பேறி. அவ்வளவு உயரம் வளர்ந்துவிட்டு, பூக்கிற எண்ணமே இல்லாததுபோல் நிற்கிறது. சிலதில் ஐந்து விரல் இலைக்குப் பதிலாக ஒற்றை இலை வருகிறது. தண்ணீர் குறைவோ என்று கூட விட்டேன். கண்ணெதிரில் வைத்துக்கொண்டு இப்படிப் பார்த்துப் பார்த்து வளர்த்தும் ஏன் என்று புரியவில்லை.

நேற்றுக் கடைக்குப் போனேன். அங்கே இருக்கிற பெத், "என்னய்யா, மூணாவது டின் மண்ணெண்ணெய், குடிக்கிறியா?" என்று சிரித்தாள். அவள் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. திரும்பி வரும்போது நம் கேட்டைத் தாண்டி வளைவில் புது டயர் தடம். யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு சிகரெட் துண்டும் கிடந்தது. ஆர்லோ மனைவியின் முதல் கல்யாணத்து மகன் பிடிக்கிற அதே வகை. எவனும் பிடிக்கிற வகைதான், தெரியும். ஆனாலும் தடம் தடம்தானே.

கோபப்படாதே. துப்பாக்கியைக் கட்டிலுக்கு அடியில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். நான் தூங்கினால் அவர்கள் வருவார்கள் என்று தோன்றுகிறது. போன வருஷமும் நாம் தூங்கியபோதுதானே வந்தார்கள்?

உன் பெண்பிள்ளைகளில் ஒன்றைக்கூட இந்தத் தடவை விடமாட்டேன். உனக்கு வாக்குக் கொடுக்கிறேன்.

வெண்டல்


யுரீக்கா
செப்டம்பர் 21

வெண்டல்,

உன் வாக்கை யார் கேட்டது? நான் கேட்ட வாக்கு வேறு.

திங்கட்கிழமை எனக்கு ரத்தம் பட்டது. அதிகமில்லை, ஆனால் பட்டது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டு அனுப்பினார்கள். பிள்ளையின் இதயம் நன்றாகத்தான் அடிக்கிறது, கருவியை வயிற்றில் வைத்து என்னையும் கேட்க வைத்தார்கள். கேட்டுவிட்டு அழுதேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவளுக்குப் புருஷன் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். எனக்குப் பொறாமையாக இருந்தது, சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்தால் உன் கடிதம். கட்டிலுக்கு அடியில் துப்பாக்கியாம். சிகரெட் துண்டை வைத்து ஒரு குடும்பத்தையே குற்றவாளியாக்கிவிட்டாய். நீ தூங்காத மனுஷன். தூங்காதவன் கையில் துப்பாக்கி இருந்தால் மான் வந்தாலும் திருடன், மரம் ஆடினாலும் திருடன். கேட்டில் நின்று ஹாரன் அடிக்கிற வழக்கம் எதற்கு வந்தது? இந்த மாதிரி ஆட்களுக்குப் பயந்துதான். நீ அந்த மாதிரி ஆள் இல்லை என்று நினைத்துத்தான் உன்னைக் கட்டிக்கொண்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது வெண்டல். திருடனைக் கண்டு இல்லை, உன்னைக் கண்டு.

இன்னொன்று. நம் வீட்டு விளக்குக்கு ஒரு டின் மண்ணெண்ணெய் குளிர்காலம் பாதி வரும். நீ தனி ஆள், வீட்டில்கூடப் படுப்பதில்லை. மூன்றாவது டின் எதற்கு? மேல் வரிசை பூக்காமல் ஒற்றை இலை விடுகிறது என்கிறாய், அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. செப்டம்பரில் அது நடக்கக்கூடாது. கேட்டதற்குப் பதில் எழுது. ஆர்லோ கதை வேண்டாம்.

மார்லிஸ்


மலைமேல்
செப்டம்பர் 29

மார்லிஸ்,

நீ ரத்தம் என்று எழுதியதைப் படித்து வண்டிச் சாவியை எடுத்துவிட்டேன். கேட் வரை வந்தும் விட்டேன். அப்புறம் தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். நான் இறங்கிய அடுத்த நிமிஷம் அவர்கள் ஏறுவார்கள் என்று பட்டது. திரும்பிவிட்டேன். இதற்கு என்னை நீ திட்டலாம். நானே திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனால் ஆர்லோ கதை வேண்டாம் என்றாயே, இதைக் கேள். இன்று காலை மேல் வரிசையில் ஒரு பூவைப் பிரித்தேன். உள்ளே விதை. பச்சை விதை, மார்லிஸ். அடுத்ததைப் பிரித்தேன், அதிலும் விதை. உன் விதையில்லாத பூக்கள், நீ நெஞ்சோடு வைத்துக் காப்பாற்றிய வகை, எல்லாம் விதை பிடித்துக் கிடக்கிறது. நான் ஒரு ஆணையும் விடவில்லை. சத்தியமாக விடவில்லை. ஒவ்வொரு கணுவாகப் பார்த்தேன்.

அப்படியானால் யாருடைய ஆண்? ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் விதைக்கென்று ஒரு ஆணை எப்போதும் விட்டுவைப்பவன் இந்த மலையில் ஒருத்தன்தான். பகலில் காற்று கீழிருந்து மேலே ஏறுகிறது, அவன் தோட்டத்திலிருந்து நம் தோட்டத்துக்கு. போன வருஷம் வெட்டிக்கொண்டு போனான், இந்த வருஷம் நின்ற இடத்திலேயே அழித்துவிட்டான். வேண்டுமென்றே செய்தானோ, அலட்சியமோ, எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

கீழ் வரிசையில் விதை கொஞ்சம்தான். கருவாலிக்குக் கிட்டே, என் கட்டிலைச் சுற்றி நிற்பதுதான் படுமோசம். அவற்றில் பூவுக்கு நடுவே மஞ்சளாக, குட்டி வாழைப்பழம் மாதிரி ஏதோ நீட்டிக்கொண்டிருக்கிறது. நோயோ என்னவோ, உனக்குத்தான் தெரியும்.

மண்ணெண்ணெய் கேட்டாய். கருவாலிக் கிளையில் பெட்ரோமாக்ஸ் கட்டியிருக்கிறேன், ஆகஸ்ட் கடைசியிலிருந்து. மேலே தகரம் வைத்து மறைத்திருக்கிறேன். பொழுது சாய்ந்து விடிகிற வரை எரியும். வெளிச்சம் இருந்தால் எவன் வருவான்? அதற்குத்தான். இதில் என்ன பெரிய ரகசியம்.

ஞாயிற்றுக்கிழமை ஆர்லோ வீட்டுக்குப் போகப்போகிறேன். அன்று அவன் வீட்டில்தான் இருப்பான். அந்த ஆணை அவன் கையாலேயே வெட்ட வைப்பேன். துப்பாக்கியை எடுத்துக்கொண்டுதான் போவேன், வெறுங்கையோடு போனால் சிரிப்பான். உன்னிடம் மறைக்கக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

வெண்டல்


யுரீக்கா
அக்டோபர் 2, வியாழன்

வெண்டல்,

இதைக் கேட்டிலேயே நின்று படி. ஓரடி நகராதே.

அது ஆர்லோவின் ஆண் இல்லை. உன் விளக்கு.

இந்தச் செடிக்குப் பூக்கிற காலத்தில் இரவு முழுசாக இருட்டாக இருக்கவேண்டும். இரவு நீளுகிறது, குளிர் வரப்போகிறது என்று இருட்டை வைத்துத்தான் அது கணக்குப் போடும். நீ விடிய விடிய விளக்கைக் காட்டினால் அது குழம்பிப் போகும். முதலில் பூக்காமல் ஒற்றை இலை விடும். அப்புறம் பயந்துபோய், ஆண் துணை இல்லாமலே விதை வைத்துவிடவேண்டும் என்று பெண் செடியே ஆண் உறுப்பை விடும். நீ பார்த்த மஞ்சள் வாழைப்பழம் அதுதான். மகரந்தம் அதிலிருந்துதான் பறந்தது. விளக்குக்குக் கிட்டே இருப்பது படுமோசம், தூரத்தில் பள்ளத்தில் இருப்பது நன்றாக இருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். காற்று கீழிருந்து கொண்டுவந்திருந்தால் கீழ் வரிசையல்லவா முதலில் கெட்டிருக்கவேண்டும்? நீயே எழுதிவிட்டு நீயே பார்க்கவில்லை.

தப்பு என்னுடையதும்தான். காலுறையைக்கூட எழுதினேன், விளக்கை எழுதவில்லை. எந்தப் பைத்தியக்காரன் தோட்டத்தில் விளக்கு மாட்டுவான் என்று நினைத்திருந்தேன்.

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன், லொரேன் கத்தினாள். கடைக்குத் தொலைபேசி போடச் சொன்னேன். பெத் எடுத்தாள். மலையிலிருந்து இந்த வாரம் யாரும் வரவில்லையாம். அவளுக்கு உன் கேட் எது என்றே தெரியாது. லொரேன் இதை எடுத்துக்கொண்டு மதியத் தபாலுக்கு ஓடப்போகிறாள். சனிக்கிழமை கீழே பெட்டிக்கு வந்துவிடும். ஆனால் சனிக்கிழமை நீ பெட்டிக்குப் போவாயா? தோட்டத்தை விட்டு நகரமாட்டேன் என்கிறவன் நீ. யாராவது போகவேண்டும், யாராவது எடுத்துவரவேண்டும். உறைமேல் பெரிதாக "உடனே" என்று எழுதியிருக்கிறேன்.

வயிறு கல்லாக இறுகி இறுகி விடுகிறது. வேண்டாதது எதையும் நினைக்காமல் படு என்கிறாள் லொரேன். வேறு எதை நினைப்பது?

போகாதே. போகாதே வெண்டல்.

மார்லிஸ்


மலைமேல்
அக்டோபர் 6

மார்லிஸ்,

நான் போகவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆர்லோ உயிரோடு இருக்கிறான். நானும் இருக்கிறேன். இப்போது மூச்சை விட்டுக்கொண்டு மீதியைப் படி.

சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் விளக்கை ஏற்றி, பம்ப் அடித்துக்கொண்டிருந்தேன். பாதையில் காலடிச் சத்தம். வண்டிச் சத்தம் இல்லை, ஹாரன் இல்லை. ஓட்டமாக வருகிற காலடி. எனக்கு ஒன்றுதான் தோன்றியது. துப்பாக்கியை எடுத்து மரத்துக்குப் பின்னால் நின்றேன். மான் தடுப்பு வேலியின் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு ஆள் உள்ளே வந்தான். வெளிச்சத்தில் எனக்குக் கண் கூசியது, முகம் தெரியவில்லை. நெஞ்சைப் பார்த்துக் குறி வைத்துவிட்டேன். விரல் விசையில் இருந்தது. இதை நான் மறைக்கப்போவதில்லை.

"மார்லிஸ் கடுதாசி," என்றான் அந்த ஆள். அவனுக்கு மூச்சு வாங்கியது. "உடனேன்னு போட்டிருக்கு. புள்ளைக்கு என்னமோ ஆயிருச்சு போல."

ஆர்லோ. ஒரு கையில் உன் உறை. வெளிச்சத்தை மறைக்க இன்னொரு கையைக் கண்ணுக்கு மேலே தூக்கி வைத்திருந்தான். அப்போதுதான் என் கையில் இருப்பதைப் பார்த்தான்.

"ஹாரன் ஏன் அடிக்கல?" என்றேன். கேட்பதற்கு வேறு கேள்வியே கிடைக்கவில்லை எனக்கு.

"வண்டி இல்லய்யா. நடந்துதான் வரேன். முதல்ல படி. அப்புறம் சுடணும்னா சுடு."

துப்பாக்கியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உறையைக் கிழித்தேன். "சத்தமா படிடா, புள்ளைக்கு என்ன?" என்று அவன் கத்தினான். சத்தமாகப் படித்தேன். "அது ஆர்லோவின் ஆண் இல்லை" என்று வந்தபோது நிறுத்தினேன். அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. கடைசி வரை படித்தேன், வயிறு இறுகுவது வரை.

திட்டுவான் என்று நினைத்தேன். அவன் கருவாலியில் தொங்குகிற விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் மெதுவாகச் சொன்னான். "என் வண்டி பேட்டரி என் தோட்டத்துல கிடக்கு. அதுலதான் ராத்திரி பூரா பல்ப் எரியுது. அதான் நடந்து வந்தேன். அதான் ஹாரன் இல்ல."

"நீ எதுக்கு மாட்டின?"

"உன் வெளிச்சம் என் வீட்டு ஜன்னல்ல தெரிஞ்சுது. வெண்டலே விளக்கு போட்டு காக்கறான்னா எவனோ வரப்போறான்னு பயந்துட்டேன்." வேலியில் சாய்ந்துகொண்டு, "எனக்கும் விதை விழுந்துடுச்சு. ஆட்டுப்பட்டிகிட்ட இருந்த ஆணை ஜூலையிலயே வெட்டிட்டேன். அதனால நீ ஒண்ணை விட்டு வெச்சிருக்கேன்னு நினைச்சேன். உன்கிட்ட கேக்கலாம்னுதான் இருந்தேன், நாளைக்கு" என்றான்.

நாளைக்கு. ஞாயிற்றுக்கிழமை. துப்பாக்கியை எடுத்துக்கொண்டா என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

விளக்கை அணைத்தேன். இருட்டில் கட்டிலில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். போன அக்டோபர் விஷயத்தைப் பேசிவிடலாம் என்று தோன்றியது. இந்த மலையில் யாரும் சொல்லாததைச் சொன்னேன். "ஆர்லோ, போன வருஷம் எங்களோடது முழுக்கப் போச்சு. அடியோட வெட்டிட்டுப் போயிட்டாங்க."

அவன் சட்டென்று என் பக்கம் திரும்பினான். "எனக்கும்," என்றான்.

"ஏன்டா சொல்லல?"

"நீதான்னு நினைச்சேன்."

மார்லிஸ், ஒரு வருஷம். ஒரு வருஷமாக அவன் நம் தபாலைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான், நான்தான் திருடன் என்று நினைத்துக்கொண்டே. உன்னைத் தூக்கிக் கட்டிலில் போட்டதும் அப்படித்தான். நானாக இருந்தால் செய்திருக்கமாட்டேன். எனக்கு அவமானமாக இருக்கிறது.

யார் திருடினார்கள் என்று இன்னும் தெரியாது. தெரியாமலே போகலாம். மேல் வரிசையை என்ன செய்வது என்று எழுது. உனக்கு எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது.

வெண்டல்


யுரீக்கா
அக்டோபர் 9

வெண்டல்,

போன வியாழன் மதியத்திலிருந்து இன்று உன் கடிதம் வரும் வரை நான் எப்படி இருந்தேன் என்று உனக்குச் சொல்லமாட்டேன். அதை நீ நேரில் வந்து என் முகத்தில் பார்த்துக்கொள். சனிக்கிழமை வலி வந்துவிட்டது என்றே நினைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பொய் வலி. உள்ளே இருப்பது பத்திரமாக இருக்கிறது.

உன்மேல் கோபம் தீரவில்லை. என் கடிதத்தைக் கொண்டுவந்தவன் நெஞ்சைப் பார்த்துக் குறி வைத்திருக்கிறாய். அவன் என் பெயரைச் சொல்ல ஒரு நொடி தாமதித்திருந்தால் நான் யாருக்கு எழுதிக்கொண்டிருப்பேன்? ஆனால் நீ ஒன்றையும் மறைக்காமல் எழுதினாய். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

மேல் வரிசையை அடியோடு வெட்டு. பூவையும் விதையையும் சேர்த்து எரி. ஒரு விதையைக்கூட எடுத்து வைக்காதே; பார்க்க நன்றாக இருக்கிறதே என்று சபலப்படுவாய், தெரியும். பயத்தில் வைத்த விதை அது. முளைக்கிற செடியும் அதே மாதிரி சின்ன வெளிச்சத்துக்கெல்லாம் மிரளும். நல்ல விதை, மாவு டப்பாவுக்குள் தீப்பெட்டியில் இருக்கிறது, ஆர்லோவுக்கும் பாதி கொடு. அது அவன் கொடுத்ததுதானே. கீழ் வரிசையை மழைக்கு முந்தி அறு. அடுத்த வாரம் மழை என்று ரேடியோவில் சொல்கிறார்கள், நனைந்தால் பூவுக்குள் பூஞ்சணம் பிடித்து நாலு நாளில் அழுகிவிடும். வெள்ளை மயிர் பாதி பழுப்பானால் போதும், முழுசாக முதிரக் காத்திருக்காதே. இந்தக் குளிர்காலம் பணத்துக்குக் கஷ்டம்தான். பீன்ஸ் தின்போம்.

தனியாக அறுக்க முடியாது. ஆர்லோவைக் கூப்பிடு. கூச்சப்படாதே. அவனுக்கும் மழைக்கு முந்தி ஆள் வேண்டும்.

அப்புறம் துப்பாக்கியை அவனிடம் கொடுத்துவிட்டு வா. கொடுத்துவிட்டுத்தான் வரவேண்டும். நீ இங்கேயும் கொண்டுவந்து வைத்திருக்கிறாயா என்று என் கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்க்கிற அளவுக்கு எனக்கு இப்போது உடம்பு வளையாது.

எந்த நாளும் ஆகலாம் என்கிறார் டாக்டர். எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுக்க ஆள் இல்லை.

மார்லிஸ்


மலைமேல்
அக்டோபர் 13

மார்லிஸ்,

மேல் வரிசையை எரித்தாயிற்று. சபலப்பட்டேன், ஒப்புக்கொள்கிறேன். கையில் எடுத்த விதைகளை ஆர்லோ தட்டிவிட்டுத் தீயில் போட்டான். "மார்லிஸ் கொன்னுடுவா," என்றான். கீழ் வரிசை உன் காலுறைகளோடு கொட்டகையில் தலைகீழாகத் தொங்குகிறது. நல்ல வாசம். நேற்று அவனுடையதை அறுத்தோம். நான் அவன் தோட்டத்துக்குள் நுழைந்தது இதுதான் முதல் தடவை. எத்தனை செடி என்று என்னை எண்ண விட்டான். நானும் கொட்டகைச் சாவியை அவனிடம் கொடுத்திருக்கிறேன், நான் இல்லாதபோது அவன்தான் பார்த்துக்கொள்வான்.

துப்பாக்கியைக் கொடுத்துவிட்டேன். அவன் உள்ளே போய்த் தன்னுடையதை எடுத்துவந்து என்னிடம் நீட்டினான். "என்னுது உன்கிட்ட இருந்தா எனக்குத் தூக்கம் வரும்," என்றான். அதை நம் வீட்டுப் பரணில் போட்டுவிட்டு, நேற்று விடியும் வரை தூங்கினேன். மலையில் ஒரு விளக்கும் எரியவில்லை. ஆர்லோவின் பேட்டரி அவன் வண்டிக்குத் திரும்பிவிட்டது.

மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது. இதை இப்போது ஆர்லோவிடம் கொடுக்கிறேன், அவன் கீழே பெட்டியில் போடுவான். நாளைக் காலை என் வண்டி கிளம்புகிறது. கடிதம் முந்துமோ நான் முந்துவேனோ தெரியாது. வழியில் ஆரஞ்சு வாங்குவேன்.

லொரேன் வீட்டு வாசலில் நின்று மூன்று தடவை ஹாரன் அடிப்பேன். ஆஸ்பத்திரியில் இருந்தால் அங்கேயும் அடிப்பேன். பட்டணத்தில் அப்படிச் செய்யக்கூடாது என்று உன் அக்கா கத்துவாள். கத்தட்டும். வருவது நான்தான் என்று உனக்குத் தெரியவேண்டும்.

வெண்டல்